மூன்றாவது சரணம்

தொண்டை கட்டிவிட்டது என்று பாட்டக்கா சொன்னது பொய். அதை நம்பியவர்கள்தான் அவளைப் படாதபாடு படுத்தினார்கள். ஒருத்தி வெந்நீரில் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து, கொப்பளிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். இன்னொருத்தி தன் வீட்டுத் துண்டைக் கொண்டுவந்து கழுத்தில் சுற்றிவிட்டாள். மெஸ்ஸில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் அவளை வாயே திறக்கவிடவில்லை. எது கேட்டாலும் தலையை ஆட்டினால் போதும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பிரார்த்தனைக்குள் அந்தத் தொண்டையை எப்படியாவது சரிசெய்துவிடுவது என்று எல்லோரும் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். துண்டுக்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. இத்தனை நல்ல மனிதர்களை ஏமாற்றுகிறோமே என்று இருந்தது. ஆனால் அது பெரிய பொய்க்கு மேல் போட்ட சின்னப் பொய்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டையோடு சரி. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளைப் பாட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகச் சுரங்கம் வெட்டும் வேலை அங்கே நடந்தது. அவள் வீட்டுக்காரர் பாறையில் துளை போடுகிறவர். அவள் வேலையாட்களின் மெஸ்ஸில் காய் நறுக்குகிறவள். குடியிருப்பு என்று பெயரளவுக்கு மலையடியில் தகரம் வைத்துத் தடுத்த அறைகள் வரிசையாக இருந்தன. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட இடத்தில் அவள் தினமும் காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கடவுளைத் துதித்துப் பாடுவாள். நல்ல குரல். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் மேஸ்திரி. சுரங்கத்துக்குள் சுவர் கட்டும் ஆட்களுக்கெல்லாம் தலைவர். கடவுள் பேச்சை எடுத்தாலே கைகூப்பி, "அவரு நல்லா இருக்கட்டும், என்னை விட்டுடுங்க" என்பார். வருஷக்கணக்கில் கல்தூசு தின்ற நெஞ்சு அவருக்கு. விடியும் நேரத்தில்தான் இருமல் அடங்கிச் சற்றுக் கண்ணயர்வார். சரியாக அந்த நேரம் பார்த்து இவள் பல்லவியை எடுப்பாள். உடனே தகரத்தில் மூன்று தட்டு விழும். டக் டக் டக். அவசரமான, பொறுமையில்லாத தட்டு. நிறுத்து என்று அர்த்தம்.

அந்தத் தட்டுக்கு அவளிடம் இருந்த பதில் ஒன்றுதான். குரலை இன்னும் ஒரு படி ஏற்றுவாள்.

இதில் பகை எதுவும் இல்லை. வெளியே குழாயடியில் பார்க்கும்போது, "ஏம்மா, உங்க கடவுளுக்குக் காது மந்தமா? மெதுவாப் பாடினா கேக்காதா?" என்று கேட்பார். "உங்களுக்கும் சேத்துக் கேக்கட்டும்னுதான் அண்ணே" என்று இவள் சொல்வாள். மழையில் இவள் கூரை ஒழுகியபோது அவர்தான் ஏறி அடைத்தார். மேலேயிருந்து உங்க ஆளு ஒழுகவிடுவாரு, அடைக்கறதுக்கு மட்டும் நான் வரணுமா என்று திட்டிக்கொண்டே அடைத்தார். அவர் மனைவிக்குத்தான் இரண்டு பக்கமும் இடி. அந்த அம்மாவுக்குக் கடவுள் பக்தி உண்டு, பாட்டு வராது. மெஸ்ஸில் பாட்டக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பவள். என்றைக்காவது இந்த மனுஷன் ஒரு வரியாவது கூடப் பாடிவிட மாட்டாரா என்பது அவளுடைய பெரிய ஆசை. பாட வேண்டாம், தாளமாவது போடட்டும் என்று ஆசையை அவளே குறைத்துக்கொண்டும் விட்டாள்.

சுரங்கம் சரிந்தது ஒரு மதிய நேரத்தில். சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர்கள் தப்பித்தார்கள். வேலையை முடித்துவிட்டு வருகிறோம் என்று தங்கிவிட்ட மூன்று பேர் பாறைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். பாட்டக்காவின் வீட்டுக்காரர், புதிதாகக் கல்யாணமான வெல்டர், மேஸ்திரி.

சுரங்க வாசலில் பெண்கள் போய்க் குவிந்தார்கள். முதலில் அழுகை. பிறகு அழக்கூடத் தெம்பில்லாத ஒரு அமைதி, அது அழுகையைவிட மோசம். வெல்டரின் மனைவி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பாடாவிட்டால் கத்திவிடுவோம் என்று தோன்றியதால் பாட்டக்கா பாடினாள். விசுவாசம் என்றெல்லாம் பிறகு சொன்னார்கள். அப்போது அவளிடம் இருந்தது பயம் ஒன்றுதான்.

விடியாத இடத்திலும் உன்னை நான் பாடுவேன்
விழிமூடிக் கிடந்தாலும் நீ என்னைத் தேடுவாய்

முதலில் அவள் குரல் மட்டும் கேட்டது. பிறகு மேஸ்திரி வீட்டம்மா ஸ்ருதி இல்லாமல் சேர்ந்துகொண்டாள். பிறகு எல்லோரும். பாடி முடித்தபோது வெல்டரின் மனைவி கையிலிருந்த தண்ணீரைக் குடித்திருந்தாள். பாறையை அள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அள்ளினார்கள். அதைப் பாட்டக்கா கண்ணால் பார்த்தாள். அதனால்தான் நிறுத்தாமல் மறுபடியும் மறுபடியும் பாடினாள். அந்தப் பாட்டில் ஏதோ இருந்தது. இன்றைக்கும் அதை அவள் மறுக்கமாட்டாள். மறுக்க முடிந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் சரிவுக்குள் ஒரு இரும்புக் குழாயைச் செருகி அந்தப் பக்கம் எட்டவைத்தார்கள். அதன் வழியே கம்ப்ரசர் வைத்துக் காற்றை அடித்தார்கள். கம்ப்ரசர் ஓடும்போது காதில் வேறு எதுவும் விழாது. உள்ளே இருப்பவர்களோடு பேச வேண்டுமென்றால் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் குழாய் வாய்வழியே பேசலாம், ஆனால் காற்று போகாது. சூப்பர்வைசர் இதை எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு தடவை சொன்னார். நாம் பேசும் நேரம் முழுக்க அவர்களுக்குக் காற்று கிடையாது, அதனால் பேச்சு சுருக்கமாக இருக்கட்டும் என்றார். தெரியாமல் செய்தேன் என்று பாட்டக்கா சொல்லிக்கொள்ள அதனால்தான் வழியில்லை.

முதலில் அவள் வீட்டுக்காரரின் குரல்தான் வந்தது. மூவரும் உயிரோடு இருக்கிறோம் என்றார். மேஸ்திரி காலில் கல் விழுந்துவிட்டது, நகர்த்த முடியவில்லை, குழாய்க்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். நானும் வெல்டரும் வளைவுக்கு அப்பால் இடம் பெரிதாக, மூச்சு விட வசதியாக இருப்பதால் அங்கே இருக்கிறோம், பேச மட்டும் இங்கே வருகிறேன் என்றார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"அவளைப் பாடச் சொல்லுங்க. வெல்டர் ரொம்ப ஒடஞ்சு போயிருக்கான். பாட்டு கேட்டா தேறுவான்."

சூப்பர்வைசர் யோசித்தார். இரண்டு சரணம், அதோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிக் கம்ப்ரசர்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். சத்தம் நின்றது. பாட்டக்கா மண்டியிட்டுக் குழாயில் வாயை வைத்துப் பாடினாள். அவளைச் சுற்றிக் குடியிருப்பே கூடிநின்று பாடியது. மலைக்குள் ஒரு மனிதன் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவன் தன் புருஷன் என்ற நினைப்பில் அவள் வாழ்நாளில் பாடாத விதமாகப் பாடினாள். இரண்டாவது சரணம் முடியப்போகும் நேரம், குழாய் அதிர்ந்தது.

டக் டக் டக்.

மேஸ்திரி வீட்டம்மாதான் முதலில் கத்தினாள். "கேட்டீங்களா? எங்க வீட்டுக்காரரு தாளம் போடுறாரு!"

கூட்டம் அழுதுகொண்டே சிரித்தது. கடவுளுக்கே காது மந்தமா என்று கேட்ட மனுஷன், மலைக்குள்ளே கிடந்து கடவுள் பாட்டுக்குத் தாளம் போடுகிறார் என்றால் சும்மாவா? சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்ப்ரசர்காரர் மட்டும் கையை விசையின்மேல் வைத்தபடி பாட்டக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சரணம் முடிந்துவிட்டது. ஓட்டட்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது.

அது தாளம் இல்லை என்று பாட்டக்காவுக்குத் தெரியும். தட்டு பாட்டோடு சேரவில்லை. அரைத் தட்டு முன்னே, அரைத் தட்டு பின்னே என்று அவசர அவசரமாக விழுந்தது. அந்தத் தட்டை அவள் தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எத்தனை காலையில் கேட்டிருப்பாள். அது அதே தட்டு. நிறுத்து என்கிற தட்டு.

அந்தக் கணத்தில் அவள் மனதில் எழுந்தது என்ன என்பதைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பயம் எழவில்லை. கொஞ்சம் வீம்பு எழுந்தது. இத்தனை வருஷம் தட்டினீரே, இங்கேயுமா என்று ஒரு சின்னச் சிரிப்புக்கூட உள்ளே வந்துபோனது. கைவந்த பழக்கம்போல, தட்டு விழுந்ததும் குரல் தானாக ஒரு படி ஏறியது. கம்ப்ரசர்காரரின் கையைப் பார்க்காமலிருக்கக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பக்தியில் உருகிக் கண்ணை மூடினாள் என்று இன்றுவரை எல்லோரும் சொல்கிறார்கள். மூடிக்கொண்டு மூன்றாவது சரணத்தைத் தொடங்கினாள். அவளுக்கு மிகவும் பிடித்த சரணம் அது. நன்றி சொல்லும் சரணம்.

நான் விடும் மூச்சும் நீ தந்த மூச்சு
நன்றி சொல்ல நாள்தோறும் நீ தந்த பேச்சு

நடுவில் மறுபடி தட்டு வந்தது. இந்த முறை மெதுவாக. பிறகு ஒன்று, தனியாக. பிறகு வரவில்லை. பாட்டில் லயித்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

கம்ப்ரசர் மறுபடி ஓடியது. அடுத்த தடவை நிறுத்திப் பேசியபோது, மேஸ்திரி கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். வெயில் சாய்வதற்குள் பாறையில் வழி பிறந்தது. இரண்டு பேர் நடந்து வந்தார்கள். மேஸ்திரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை. ஏற்கனவே கெட்டுப்போன நெஞ்சு, காலில் அடி, காற்றில்லாமல் கிடந்தது எல்லாம் சேர்ந்துகொண்டது, எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பிரித்துச் சொல்ல முடியாது என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பாட்டக்கா ஒருநாள் முழுக்கத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மறுநாள் அந்த வார்த்தையே அவளைக் குத்தியது. சேர்ந்துகொண்டவற்றில் அவள் பங்கும் ஒன்று இருக்கிறதே.

குடியிருப்பிலோ வேறு கதை ஓடியது. பாட்டுதான் காப்பாற்றியது என்றார்கள். வெல்டர் அவள் காலில் விழ வந்தான். நீங்கள் பாடாமல் இருந்திருந்தால் நான் பயத்திலேயே செத்திருப்பேன் என்றான். அது உண்மை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உண்மை என்பதால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரே பாட்டு ஒருவனுக்கு உயிரைக் கொடுத்து இன்னொருவருக்கு மூச்சை எடுத்தால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரார்த்தனை நடத்தும் ஸ்டோர் கீப்பர் வீடு தேடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பெரிய அதிகாரிகள் எல்லாம் வருகிறார்கள், அந்த மூன்று சரணத்தையும் அப்படியே பாடவேண்டும், முக்கியமாக மூன்றாவது என்றார். அப்போதுதான் அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் வீட்டுக்காரர் போய்வந்த சாவை ஈடுகட்டுகிறவர்போலச் சாப்பிட்டார். சாப்பிட்டபடியே உள்ளே நடந்ததைச் சொன்னார். மேஸ்திரி அண்ணன் தாளம் போட்டதும் தானும் வெல்டரும் இருட்டில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். கெழவர் கடைசியில் கட்சி மாறிவிட்டார் என்று வெல்டர் சொன்னானாம்.

"நீங்க எழுந்து போய் அவரைப் பாக்கலையா?" என்று அவள் கேட்டாள்.

அவர் கை தட்டிலேயே நின்றது. "ஏன் கேக்குற?" என்றார். சும்மாதான் என்றாள். அவர் அதற்குமேல் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். தன் பாரத்தில் பாதியை அந்த அப்பாவி மனுஷன் தலையில் ஏற்றிவிடப் பார்த்தோமே என்று அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

காலைகளில் அவள் பாடவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆளில்லை. மேஸ்திரி வீட்டம்மா ஆஸ்பத்திரியோடு இருந்தாள். இருந்தாலும் அந்த நேரத்துக்குக் காது தானாகத் தகரத்தின் பக்கம் போனது. ஒருநாள் இவளே எழுந்துபோய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். டக் டக் டக். தகரம் லேசாக அதிர்ந்து அடங்கியது. என்ன பைத்தியக்காரத்தனம் என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மெஸ்ஸில் லீவு சொல்லிவிட்டு, கழுத்துத் துண்டை அவிழ்த்து உரியவளிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். மேஸ்திரி வீட்டம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டாள். இறங்கும்போது ஒன்றுகூட மிச்சமில்லை.

நீளமான வார்டு. கடைசிக் கட்டிலில் மேஸ்திரி முகத்தில் மாஸ்க்கோடு படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குமிழிகள்தான் அவருக்குப் போகும் காற்று என்று நர்ஸ் ஒருத்தி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள். பாட்டக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி வீட்டம்மா பக்கத்துக் கட்டில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். இதுவரை அவள் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பாளோ தெரியாது, மனப்பாடமாக வந்தது. "சாமி கும்பிடாத மனுஷன் அவரு. உள்ள கெடந்துக்கிட்டு, இவ பாட்டுக்குத் தாளம் போட்டாரு. என் காதால கேட்டேன். கடவுள் அவரைத் தொட்டுட்டாரு. இனிமே விடமாட்டாரு." சொல்லும்போது அவள் முகம் ஒளியாக இருந்தது. ராத்தூக்கம் இல்லாமல் வீங்கிய அந்த முகத்தில் வேறு எதுவும் நன்றாக இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நிற்கிறாள் என்பது பாட்டக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் நெஞ்சு லேசாவதற்காக இவளிடமிருந்து அதைப் பிடுங்கப் போகிறோம். சொல்லாமல் திரும்பிப் போய்விடலாம். நாளைக்கு மேடையில் நின்று பாடலாம். எல்லோருக்கும் சந்தோஷம், ஒருத்திக்கு மட்டும்தான் தூக்கம் போகும். அந்த ஒருத்தி எப்படியும் தூங்கவில்லை.

"வா பாட்டக்கா, உக்காரு. தொண்டை சரியாச்சா?" என்றாள் மேஸ்திரி வீட்டம்மா.

அவ்வளவு கஷ்டத்திலும் தன் தொண்டையை நினைவு வைத்திருந்து அவள் கேட்ட அந்தக் கேள்விதான் பாட்டக்காவை உடைத்தது.

"தொண்டைக்கு ஒண்ணும் இல்லக்கா. பொய் சொன்னேன்." குரல் கட்டிலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாள். "அன்னைக்கு அண்ணன் தட்டினது தாளம் இல்லக்கா. காத்து கேட்டாரு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் பாடினேன்."

மேஸ்திரி வீட்டம்மா கட்டில் விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டாள். பாட்டக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சரணம் இரண்டோடு நிறுத்தச் சொன்னதை, கம்ப்ரசர்காரர் பார்த்ததை, கண்ணை மூடியதை, வீம்பை. அந்த உள்சிரிப்பைக்கூட விடவில்லை. சொல்லி முடித்தும் நெஞ்சு லேசாகவில்லை. அதற்கு ஆசைப்பட்டுத்தானே வந்தோம் என்று நினைத்தபோது இன்னும் கனத்தது.

"இதைச் சொல்றதுக்கா பஸ் ஏறி வந்த?" என்றாள் அந்த அம்மா கடைசியில். கோபமாகத்தான் கேட்டாள். "ஊரெல்லாம் எனக்குப் பழமும் ரொட்டியும் கொண்டு வருது. நீ இருந்த ஒண்ணையும் எடுத்துட்டுப் போக வந்திருக்க."

பாட்டக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. பிறகு கோபமில்லாத, களைத்துப்போன ஒரு குரலில் மேஸ்திரி வீட்டம்மா பேசினாள்.

"அந்தத் தட்டு தினமும் எங்க வீட்டுச் சுவத்துல விழுந்ததுடி. நான் அவரு பக்கத்துல படுத்துக் கெடந்தவ. எனக்கு மட்டும் தெரியாதா?"

பாட்டக்கா நிமிர்ந்தாள்.

"வாயில முதல்ல வந்ததைச் சொல்லிட்டேன். தாளம்னு. சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. எவ்வளவு நாள் ஆசை எனக்கு. தாளமாவே இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். நான் அப்படிச் சொல்லலைன்னா சூப்பர்வைசர் கம்ப்ரசரை ஓட்டச் சொல்லியிருப்பாரு." அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்புறம் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டே இருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே நிஜம் மாதிரி ஆயிடுச்சு. அந்த நேரத்துல நீ வந்து நிக்கற."

இரண்டு பேரும் கட்டிலின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஸ்ஸில் ஒரே அண்டாவுக்கு முன் உட்கார்ந்து ஒருத்தி உரிக்க ஒருத்தி நறுக்குவது வழக்கம். இதையும் அப்படித்தான் செய்துவைத்திருக்கிறோம் என்று பாட்டக்கா நினைத்தாள். அப்படி நினைத்ததில் ஆறுதல் எதுவும் இல்லை. பங்கு போட்டால் குறைகிற பாரம் இல்லை இது. இருவருக்கும் முழுசாகத்தான் இருந்தது.

வெகுநேரம் கழித்து மேஸ்திரி வீட்டம்மா, "பாடு" என்றாள்.

பாட்டக்காவுக்குப் புரியவில்லை. இங்கேயா என்று கேட்டாள். இங்கேதான் என்றாள் அவள்.

"வேண்டாம்க்கா. என்னால முடியாது. அண்ணனுக்கும் பிடிக்காது."

"பிடிக்கலைன்னா தட்டட்டும்." அந்த அம்மாவின் குரல் உடைந்தது. "தட்டினா போதும் எனக்கு."

நர்ஸ் வார்டின் அந்தக் கோடியில் இருந்தாள். பாட்டக்கா நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டாள். முதலில் குமிழிகளைப் பார்த்தாள். வந்துகொண்டுதான் இருந்தன. பிறகு குழாய் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள். எத்தனை பெரிய கூட்டத்திலும் நடுங்காத குரல், ஒரு மயக்கத்தில் கிடப்பவருக்கு முன்னால் நடுங்கியது.

விடியாத இடத்திலும் உன்னை நான் பாடுவேன் என்று மெதுவாகப் பாடினாள். கடவுளுக்குக் காது கேட்கும் என்று நம்பிப் பாடிய முதல் பாட்டு அதுவாகத்தான் இருக்கும், அவ்வளவு மெதுவாக. கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்தி, மாஸ்க்குக்குள் ஆவி படிந்து விலகுவதைப் பார்த்துவிட்டு அடுத்த வரியை எடுத்தாள். என் பாட்டை ஏற்றுக்கொள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இவரைக் கொடு, இனி என்றைக்குமே பாடாதே என்றாலும் சரி என்றுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வீட்டம்மா கூடப் பாடவில்லை. கணவரின் கையை, விரலில் நாடி பார்க்கும் கிளிப் மாட்டியிருந்த கையை, கட்டில் கம்பியின் மேல் எடுத்துவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சரணம் முடிந்தது. கை அசையவில்லை. இரண்டாவது முடிந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டக்கா நிறுத்தினாள். மூன்றாவதை அவளால் பாட முடியாது. மேஸ்திரி வீட்டம்மா அவளைப் பார்க்காமலே, மேலே பாடு என்பதுபோல் தலையை அசைத்தாள்.

நான் விடும் மூச்சும் என்று தொடங்கினாள். மாஸ்க்கைப் பார்த்தாள். ஆவி படிந்தது, விலகியது. நீ தந்த என்றாள்.

விரல் கிளிப் கம்பியில் பட்டது.

டக். ஒரு இடைவெளி. டக். இன்னும் பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் அந்த அம்மாவின் கை பாட்டக்காவின் மணிக்கட்டை எலும்பு நோகப் பிடித்தது. டக். தூங்கவிடாமல் தொந்தரவு செய்யும் அண்டை வீட்டுக்காரிமேல் எரிச்சல்பட்டு, அவர் புருவம் கொஞ்சம் சுருங்கியது.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, பாட்டக்கா பாதி வரியில் பாட்டை நிறுத்தினாள்.